ஹைட்ராலிக் விளக்கு எரிகிறதா? எப்போது எரிந்தது என்று முதலில் சொல்லுங்கள்

ஸ்கிட் ஸ்டீர் லோடர், அதாவது முன்னால் பக்கெட் மாட்டி மண் அள்ளுகிற அந்தச் சின்ன வண்டி, ஓட்டப் பழகுகிற எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும். மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பீர்கள், வேலை சூடு பிடித்திருக்கும், டேஷ்போர்டில் பட்டென்று ஒரு விளக்கு எரியும், கூடவே பீப் பீப் என்று சத்தம். உற்றுப் பார்த்தால் ஒரு எண்ணெய்த் துளி, அல்லது துளியோடு ஒரு தெர்மாமீட்டர், அல்லது சாய்ந்த சதுரத்துக்கு நடுவில் ஒரு புள்ளிக்கோடு. ஏதோ ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற சமாசாரம் என்பது வரைக்கும் புரியும். அதற்கு மேல் ஒன்றும் புரியாது.

அந்த நேரத்தில் ஆட்கள் இரண்டு வகை. "சென்சார்தான் போயிருக்கும், நீ ஓட்டு" என்பவர் ஒரு வகை. "பம்ப் போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுபவர் இன்னொரு வகை. நான் இரண்டாகவும் இருந்து பார்த்திருக்கிறேன், இரண்டிலும் பெரும்பாலும் தப்பாகத்தான் போனது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: விளக்கு எப்போது எரிந்தது? காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயா, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகா, மேட்டில் ஏறும்போதா, பக்கெட்டுக்குப் பதிலாக வேறு அட்டாச்மெண்ட் (முன்னால் மாட்டுகிற கருவி) மாட்டியதற்கு அப்புறமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் இந்த வண்டிக்குள் எண்ணெய் என்னென்ன செய்கிறது என்று தெரியாமல் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அதனால் முதலில் அது.

எண்ணெய்தான் கியர்பாக்ஸ், எண்ணெய்தான் பிரேக்

ஸ்கிட் ஸ்டீரில் எஞ்சின் சக்கரத்தை நேராகச் சுற்றுவதே இல்லை. பம்புகளைச் சுற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. இடது பக்கத்துக்கு ஒரு பம்ப், வலது பக்கத்துக்கு ஒரு பம்ப். ஒவ்வொன்றும் தன் பக்கத்து ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்ற, அந்த மோட்டாரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் செயின் வழியாக முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டுக்கும் ஓட்டம் போகிறது. ஸ்டீரிங் வீல் கிடையாது. வலது பக்கம் வேகமாகவும் இடது பக்கம் மெதுவாகவும் சுற்றினால் வண்டி தரையில் வழுக்கியபடி இடது பக்கம் திரும்பிவிடும், அவ்வளவுதான் ஸ்டீரிங். ஆர்மைத் தூக்கவும் பக்கெட்டைக் கவிழ்க்கவும் முன்னால் மாட்டுகிற அட்டாச்மெண்டை ஓட்டவும் தனியாக ஒரு கியர் பம்ப் இருக்கிறது. ஆக, வண்டி நகர்வது, திரும்புவது, நிற்பது, தூக்குவது எல்லாமே ஒரே டேங்க் எண்ணெயில்.

1957இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணைக் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காக இந்த வகை வண்டியின் முதல் உருவத்தைச் செய்தபோது அதன் ஓட்டத்தில் ஹைட்ராலிக் கிடையாது, பெல்ட்டும் கிளட்ச்சும்தான். கிளட்ச் தீய்ந்தால் மூக்குக்கே தெரிந்திருக்கும். இப்போது எல்லாம் மூடிய குழாய்க்குள் நடக்கிறது, உள்ளே என்ன கருகினாலும் வெளியே மணக்காது. அதனால் அந்த விளக்குதான் நமக்கு மூக்கு.

சார்ஜ் பிரஷர் என்று ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். பேட்டரி சார்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சக்கரத்தை ஓட்டுகிற பம்பும் மோட்டாரும் ஒரு மூடிய வட்டம்: பம்பிலிருந்து போகிற எண்ணெய் மோட்டாரைச் சுற்றிவிட்டு டேங்குக்கு வராமல் மறுபடி பம்புக்கே போய்விடும். ஆனால் அந்த வட்டத்துக்குள் பாகங்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும், அப்படிக் கசிவது வேண்டியதும்கூட, உராய்கிற பாகங்களுக்கு அதுதான் வழவழப்பு. குறைந்த எண்ணெயை ஈடுகட்ட ஒரு சிறிய அழுத்தத்தில் புது எண்ணெயை வட்டத்துக்குள் திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம்தான் சார்ஜ் பிரஷர். அழுத்தத்தைப் பார் என்ற அளவில் சொல்வார்கள். வேலை செய்கிற அழுத்தம் 200 பாருக்கு மேல் போகும்; சார்ஜ் பிரஷரோ வண்டியைப் பொறுத்து 20, 30 பார் போலத்தான் இருக்கும். எண் சிறியது என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அது விழுந்தால் பம்ப் உள்ளே வெறுமையாகச் சுற்ற ஆரம்பிக்கும், சில நிமிடங்களிலேயே உள்பாகங்களில் கீறல் விழும். பல வண்டிகளில் பார்க்கிங் பிரேக்கை விடுவித்து வைப்பதும் இதே அழுத்தம்தான். பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது எண்ணெய். அதனால்தான் சார்ஜ் பிரஷர் விழுந்தால் சில வண்டிகள் ஓடுகிற இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிடுகின்றன.

எந்த விளக்கு

ஹைட்ராலிக் விளக்கு என்று பொதுவாகச் சொன்னாலும் பின்னால் நான்கு வேறு வேறு சென்சார்கள் இருக்கலாம். எண்ணெய்ச் சூடு, சார்ஜ் பிரஷர், ஃபில்டர் அடைப்பு, சில வண்டிகளில் எண்ணெய் மட்டம். சில பழைய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விளக்கு, அது ஒரு தலைவலி. படத்துக்கு என்ன அர்த்தம் என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஃபில்டருக்கு மட்டும் பெரும்பாலும் அந்தச் சாய்ந்த சதுரமும் புள்ளிக்கோடும்தான்.

நிறம் முக்கியம். மஞ்சள் என்றால் வேலையை முடித்துக்கொண்டு பார்க்கலாம், ஆனால் இன்றைக்கே. சிவப்பு என்றால் இப்போதே நிறுத்து. சிவப்பில் வந்தது பிரஷர் விளக்கு என்றால் ஆர்மை இறக்கி, பக்கெட்டைத் தரையில் வைத்து, உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இந்த ஒரு லோடை மட்டும் கொட்டிவிட்டு வருகிறேன்" என்பதுதான் பம்பைக் கொல்லுகிற வாக்கியம். சூட்டு விளக்கு மட்டும் என்றால் கதை கொஞ்சம் வேறு: எங்கும் எண்ணெய் ஒழுகவில்லை, மட்டமும் இருக்கிறது என்றால், லோடை இறக்கிவிட்டு ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டால் ஃபேனும் கூலரும் சேர்ந்து எண்ணெயை ஆற்றும். பட்டென்று அணைத்தால் ஆற்றுவதற்கு ஃபேன் சுற்றாது. இதிலும் கையேடு வேறு மாதிரிச் சொன்னால் கையேட்டைக் கேளுங்கள், என்னை அல்ல.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்.

எப்போது எரிந்தது?

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒரு சில விநாடி எரிந்து அணைகிறதா? அது கோளாறே இல்லை, விளக்கு வேலை செய்கிறதா என்று வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. பிரஷர் விளக்கு எஞ்சின் ஓடாதபோது எரிவதும் பல வண்டிகளில் இயல்பு, பம்ப் சுற்றாமல் அழுத்தம் எங்கிருந்து வரும்? எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும். சொல்லப்போனால், சாவி போடும்போது ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம், பழைய வண்டி வாங்கும்போது இதை அவசியம் பாருங்கள்.

குளிரான காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டர் விளக்கு எரிந்து, பத்து பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்தால், அது தேன் போல இறுகிய எண்ணெய். கெட்டியான எண்ணெய் ஃபில்டரின் தாளைத் தாண்டிப் போகச் சிரமப்படும், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் ஏறும், சென்சார் அதை அடைப்பு என்று நினைத்துக்கொள்ளும். ஐடிலில் விட்டுச் சூடேற்றி, ஆர்மை மெதுவாக ஏற்றி இறக்கி, பிறகு வேலைக்குப் போங்கள். எண்ணெய் நன்றாகச் சூடான பிறகும் அதே விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அது நிஜமான அடைப்பு, ஃபில்டரை மாற்ற வேண்டியதுதான். இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? பல வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் எண்ணெய் நின்றுபோகாமல் இருக்க ஒரு பைபாஸ் வால்வு திறந்துவிடும். வண்டி ஜோராக ஓடும். ஆனால் வடிகட்டாத எண்ணெய் நேராகப் பம்புக்குள். மனிதக் கண்ணுக்குத் தெரிகிற மிகச் சின்னத் துகள் ஏறக்குறைய 40 மைக்ரான். பம்புக்குள் பாகங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். கையில் ஊற்றிப் பார்த்து "எண்ணெய் சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

ஃபில்டரைக் கழற்றினால் குப்பையில் போடுவதற்கு முன் அதை வெட்டித் திறந்து, தாளை விரித்துப் பாருங்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த வேலை, அழுக்கு வேலைதான், ஆனால் வண்டியின் ஜாதகமே அதில் இருக்கும். காந்தம் வைத்தால் ஒட்டுகிற துகள் என்றால் எஃகு, கியரோ பேரிங்கோ தேய்கிறது. பொன்னிறமாக மின்னி, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் வெண்கலம் அல்லது பித்தளை, பிஸ்டன் பம்பின் உள்பாகங்களில் தேய்மானம். கறுப்பு ரப்பர்த் துணுக்கு என்றால் ஏதோ ஒரு சீல் அல்லது ஹோஸின் உட்சுவர் உதிர்கிறது. நுண்ணிய சாம்பல் நிறப் பூச்சு கொஞ்சம் இருந்தால் அது சாதாரணத் தேய்மானம், விட்டுவிடலாம்.

வேலை ஆரம்பித்து ஒரு மணி, இரண்டு மணி கழித்துச் சூட்டு விளக்கு எரிந்தால்? இதுதான் அதிகம் பார்க்கிற ரகம், கொஞ்சம் நின்று பார்ப்போம். எண்ணெய் 50 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது சரியான நிலை. 80ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் சீல்கள் இறுகத் தொடங்கும், எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும்; பல வண்டிகள் 100 டிகிரியை ஒட்டி எச்சரிக்கை கொடுக்கும். இன்னொரு சங்கதி, சூடேறினால் எண்ணெய் நீர்த்துப்போகும். 46 என்று தரம் எழுதிய எண்ணெய்க்கு அந்த எண் 40 டிகிரியில் உள்ள பிசுக்கு. 100 டிகிரியில் அது 7க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆறு மடங்குக்கு மேல் நீர்த்த எண்ணெய் பாகங்களுக்கு நடுவே நிற்காமல் வழிந்தோடும், கசிவு கூடும், கசிவே இன்னும் சூட்டை உண்டாக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்பது இதுதான்.

சூட்டுக்கு முதல் காரணம் கூலரில் அடைந்த தூசு. பத்துக்கு எட்டு முறை என்று எண் சொல்ல நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் நான் முதலில் போய்ப் பார்க்கிற இடம் அதுதான். பல வண்டிகளில் ஆயில் கூலரும் ரேடியேட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே வைக்கோலும் தூசும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். கீல் வைத்துத் திறக்கிற மாதிரி இருந்தால் திறந்து இடையில் பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்த்திசையில் கம்ப்ரஸர் காற்றை அடிக்க வேண்டும், போகிற திசையிலேயே அடித்தால் தூசு இன்னும் உள்ளேதான் இறுகும். தகடுகள் காகிதம் மாதிரி, பிரஷர் வாஷரைச் சாய்த்துப் பிடித்தால் மடங்கிவிடும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்தானே? கூடவே ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூலர் சுத்தம், ஆனாலும் சூடு என்றால், சூட்டை உண்டாக்குவது நீங்களாகவே இருக்கலாம். பக்கெட்டை முழுக்கச் சாய்த்த பிறகும் கன்ட்ரோலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, அசையாத மேட்டில் பக்கெட்டைக் குத்தி நிறுத்திவிட்டு அப்படியே தள்ளிக்கொண்டிருப்பது. அந்த நேரத்தில் எண்ணெய்க்குப் போக இடமில்லை, அழுத்தம் அளவு மீறினால் திறக்கிற ரிலீஃப் வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு டேங்குக்குத் திரும்பும். வேலை ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் எஞ்சின் கொடுத்த சக்தி எங்கேயாவது போக வேண்டும், சூடாகப் போகிறது. கணக்கு எளிது: பாரில் அழுத்தத்தை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட். 200 பார், 75 லிட்டர் என்றால் 25 கிலோவாட். ஒரு கிலோவாட் வாட்டர் ஹீட்டர் 25ஐ எடுத்து எண்ணெய் டேங்குக்குள் போட்டது போல. எந்தக் கூலராலும் இதை நெடுநேரம் தாங்க முடியாது.

இதே ரிலீஃப் வால்வுக் கதைதான் அட்டாச்மெண்ட் மாட்டும்போது வருகிற விளக்குக்கும். பக்கெட்டோடு நாள் முழுக்க ஓடியும் எரியாத விளக்கு, துளை போடுகிற ஆகரையோ பாறை உடைக்கிற பிரேக்கரையோ மாட்டியதும் எரிகிறது என்றால் வண்டியைப் பிரிக்காதீர்கள், ஹோஸ் நுனியில் அட்டாச்மெண்டை இணைக்கிற கப்ளரைப் பாருங்கள். நான் ஒருமுறை அரை நாள் முழுக்க ஒரு சூட்டு விளக்கைத் துரத்தினேன், சென்சாரை மாற்றினேன், கூலரை இரண்டு தரம் ஊதினேன், கடைசியில் பார்த்தால் கப்ளர் முக்கால்வாசிதான் மாட்டியிருந்தது. வெளியே ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. உள்ளே மட்டும் வழி குறுகி, மொத்த எண்ணெயும் ஊசித் துளை வழியாகப் போவது போலப் போய்ச் சூடேறியிருக்கிறது. கப்ளரைத் தொட்டால் கை சுடும் அளவுக்கு இருந்தது. முதலிலேயே தொட்டுப் பார்த்திருந்தால் அரை நாள் மிச்சம். நீங்கள் தொடுவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிடுங்கள், முடிந்தால் துப்பாக்கி மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள், எந்த இடத்தில் சூடு எகிறுகிறதோ அங்கேதான் அடைப்பு.

கப்ளரில் ஒன்றுமே மாட்டாமல், அட்டாச்மெண்டுக்கு எண்ணெய் அனுப்புகிற ஆக்ஸிலரி ஸ்விட்ச்சைத் தெரியாமல் தொடர் ஓட்டத்தில் போட்டுவிடுவதும் உண்டு. எண்ணெய் மூடிய கதவில் முட்டிக்கொண்டே இருக்கும், விளக்கு எரியும், எஞ்சின் சத்தம் லேசாக மாறும், ஆபரேட்டருக்கோ ஒன்றும் புரியாது. ஸ்விட்ச்சை அணைத்தால் முடிந்தது.

மேட்டில் ஏறும்போதோ வேகமாகத் திரும்பும்போதோ மட்டும் எரிந்து, சமதரைக்கு வந்ததும் அணைந்தால் டேங்கில் எண்ணெய் குறைவு. வண்டி சாயும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, பம்புக்குப் போகிற குழாய் வாய் காற்றை உறிஞ்சும்.

குண்டு குழியில் குதிக்கும்போது மட்டும் சிமிட்டினால் பெரும்பாலும் வயரிங். சுடச்சுட இருக்கும்போது ஐடிலில் எரிந்து, த்ராட்டிலைக் கூட்டியதும் அணைகிற பிரஷர் விளக்கு மட்டும் எனக்கு வயிற்றைக் கலக்கும். நீர்த்த எண்ணெய், மெதுவான பம்ப், இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் நிற்கவில்லை என்றால் எங்கோ தேய்ந்திருக்கிறது. சார்ஜ் ரிலீஃப் வால்வில் அழுக்கு மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் உடனே அழ வேண்டாம்.

நேற்றுத்தான் சர்வீஸ் செய்தோம், இன்றைக்கு எரிகிறது என்றால் நேற்றுச் செய்ததையே திரும்பப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் வண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை முடுக்கிவிடுவது அனுபவசாலிகளும் செய்கிற தப்பு. எண்ணெய் ரகம் மாறியிருக்கலாம்: சில வண்டிகளுக்குத் தனி ஹைட்ராலிக் எண்ணெய், சில வண்டிகளுக்கு எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருப்பார்கள். கையில் இருப்பதை ஊற்றிக் கலக்காதீர்கள்.

எண்ணெயைப் பார்க்கிற விதம்

மட்டம் பார்க்கும்போது வண்டி சமதரையில், ஆர்ம் முழுக்க இறங்கி, பக்கெட் தரையில் படிந்து, எஞ்சின் அணைந்து இருக்க வேண்டும். ஆர்மைத் தூக்கி வைத்துப் பார்த்தால் சிலிண்டருக்குள் போன எண்ணெய் டேங்கில் இருக்காது, மட்டம் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து நீங்கள் ஊற்ற, ஆர்மை இறக்கியதும் எண்ணெய் பொங்கி வெளியே வரும். கண்ணாடித் துவாரமோ டிப்ஸ்டிக்கோ, எது இருந்தாலும் நிறத்தையும் கவனியுங்கள். நுரை இருந்தால் காற்று கலந்திருக்கிறது. பால் கலந்த டீ மாதிரி இருந்து, நேரம் போனாலும் தெளியவில்லை என்றால் தண்ணீர். கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் நெடுநாள் சூட்டில் வெந்த எண்ணெய், அதை ஆற்றி வைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

காற்றுக் கலப்பில் ஒரு சூட்சுமம். டேங்கிலிருந்து பம்புக்குப் போகிற உறிஞ்சு ஹோஸில் கிளாம்ப் தளர்ந்திருந்தால் வெளியே எண்ணெய் ஒழுகாமல் போகலாம். உள்ளே உறிஞ்சுகிற இழுப்பு இருப்பதால் எண்ணெய் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஒழுகல் எங்கே என்று தேடித் தேடி ஒன்றும் கிடைக்காது, ஆனால் டேங்கில் நுரை, பம்பில் ஊளையிடுகிற சத்தம். சத்தம் ஊளையாக இல்லாமல் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போலக் கரகரவென்று இருந்தால், பம்புக்கு எண்ணெய் போதுமான அளவு வரவில்லை, உறிஞ்சு வழியில் அடைப்பு இருக்கலாம். அந்தச் சத்தத்தோடு ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஒழுகல் தேடும்போது கையை நீட்டாதீர்கள். இதைத்தான் இந்தக் கட்டுரையில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். 200 பார் அழுத்தத்தில் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வருகிற எண்ணெய் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்ப்பதற்குச் சின்ன முள் குத்திய மாதிரி இருக்கும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். அப்படி ஆனால் கழுவித் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், உயர் அழுத்த எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடலாம். ஒழுகலைத் தேட நீளமான அட்டைத் துண்டை வைத்துப் பாருங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. ஆர்மைத் தூக்கி வைத்துக் கீழே வேலை செய்ய வேண்டியிருந்தால் அதற்கென்று உள்ள சப்போர்ட்டைப் போட்டுப் பூட்டிய பிறகுதான் கீழே போக வேண்டும். ஹைட்ராலிக் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக் கீழே போகாதீர்கள், நாம் தேடிக்கொண்டிருப்பதே ஹைட்ராலிக் கோளாறைத்தான்.

சென்சாரைச் சந்தேகப்படும் முறை

சரி, எண்ணெய் நன்றாக இருக்கிறது, கூலர் சுத்தம், கப்ளர் இறுக்கம், ஆனாலும் எரிகிறது. இப்போது சென்சாரைச் சந்தேகப்படலாம். சந்தேகப்படுவது என்றால் புதிது வாங்கி மாட்டுவது அல்ல. முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: பச்சைப் பூசணம் மாதிரி துரு, வளைந்த பின், உள்ளே எண்ணெய் ஊறல். பிறகு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால் ஆர்ம் அசைகிற இடத்திலோ கூர்மையான தகட்டு விளிம்பிலோ உராய்ந்து செம்பு தெரிகிற இடம் கிடைக்கும். எர்த் வயர் தளர்ந்திருந்தால் சம்பந்தமே இல்லாத விளக்குகள் சேர்ந்து எரியும்.

கொஞ்சம் புதிய வண்டிகளில் திரையில் ஒரு எரர் கோட் (கோளாறைச் சொல்கிற எண்) வரும். பல வண்டிகளில் அது இரண்டு பாகமாக இருக்கும்: எஸ்பிஎன் என்பது எந்தச் சமாசாரம் என்றும், எஃப்எம்ஐ என்பது என்ன மாதிரிக் கோளாறு என்றும் சொல்லும். எஃப்எம்ஐ எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 3 என்றால் சென்சார் வயரில் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது வயர் அறுந்திருக்கிறது. மூன்றும் மின்சாரத்துப் பக்கம், அதாவது எண்ணெய் ஒழுங்காக இருக்க வயர் பொய் சொல்கிறது. 0 அல்லது 1 என்று வந்தால் சென்சார் ஒழுங்காகவே இருக்கிறது, அளவுதான் நிஜமாகவே எகிறியிருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது.

எரர் கோட் காட்டாத வண்டியில் நிஜத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அளந்து பார்ப்பது. சூட்டு விளக்கு என்றால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை டேங்கின் மேல் காட்டுங்கள். டேங்க் 60 டிகிரி என்று காட்ட விளக்கு எரிந்தால் விளக்குதான் பொய். பிரஷர் விளக்கு என்றால் சார்ஜ் பிரஷர் சோதிக்க வண்டியில் கொடுத்திருக்கிற இடத்தில் முள் வைத்த கேஜை மாட்டி, சூடான எண்ணெயில், ஐடிலிலும் முழு வேகத்திலும் பார்க்க வேண்டும். கேஜில் அழுத்தம் கையேட்டில் சொன்னபடி இருந்தால் அப்போது தைரியமாகச் சென்சாரை மாற்றலாம். கேஜும் குறைவாகக் காட்டினால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, அனுபவம் உள்ள மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நேரம். பம்பைப் பிரிப்பது முதல் முறை செய்து பழகுகிற வேலை இல்லை.

கூப்பிடும்போது "ஹைட்ராலிக் விளக்கு எரியுது, வாங்க" என்று மட்டும் சொல்லாமல் விளக்கின் படம், நிறம், எரிந்த நேரத்தில் எண்ணெய் சூடா குளிரா, த்ராட்டில் எவ்வளவு, என்ன அட்டாச்மெண்ட் இருந்தது, கடைசியாக ஃபில்டர் மாற்றியபோது மீட்டரில் எத்தனை மணி, இப்போது எத்தனை மணி என்று சொல்லுங்கள். வெட்டிப் பார்த்த ஃபில்டர் தாளின் ஃபோட்டோ இருந்தால் அதையும் அனுப்புங்கள், வரும்போதே எந்தக் கேஜை எடுத்து வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.